ஸ்டாண்டு போட இருவர் தேவை

ஜனவரி 5, ஞாயிறு

வண்டிச் செயின் கத்துகிறது. பால் வாங்கப் போய்த் திரும்பினால் தெருவில் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். நாலு மாதமாக எண்ணெய் காணாத செயின் கத்தாமல் தாலாட்டா பாடும்?

இது உரக்கடைக்காரர் வருஷா வருஷம் தருகிற டைரி. வடிவு இதில் கோலம் போட்டுப் பழகுவாள். தை பிறப்பதற்குள் பாதிப் பக்கம் புள்ளியாகிவிடும். இந்த வருஷம் சும்மா கிடக்கிறது. முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து, அன்றன்றைக்கு நடந்த வேலையை அன்றன்றைக்கே எழுதி வைத்த கை எனக்கு. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வடிவு என் மனைவி. போன செப்டம்பரில் டாலஸுக்குப் போனாள், மகள் சுபாவின் பிரசவத்துக்கு. அக்டோபரில் பேத்தி பிறந்தாள். பிப்ரவரி 28 காலை வடிவு தூத்துக்குடி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். அதற்குள் வண்டி சரியாக வேண்டும். பெட்டிகளை ஒரு வாடகைக் காரில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் வண்டியிலேயே பாளையங்கோட்டை வந்துவிடலாம் என்று ஒரு யோசனை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற அன்றைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள். நூற்றித் தொண்ணூறு கிலோ. எல்லாம் சரி, டபுள் ஸ்டாண்டு கிடையாது. கேட்டால், "இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் சார்" என்றார் ஷோரூம்காரர். டபுள் ஸ்டாண்டு இல்லையென்றால் பின்சக்கரம் தரையிலேயே நிற்கும். சக்கரம் சுற்றாமல் செயினுக்கு எப்படி எண்ணெய் போடுவது? இதுவரை வடிவு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுவாள். நான் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, தெரிகிற செயினுக்கு மட்டும் எண்ணெய் அடிப்பேன். "தள்ளு" என்றால் ஒரு சாண் தள்ளுவாள். "நிப்பாட்டு" என்றால் பிரேக்கைப் பிடிப்பாள். கேட்டிலிருந்து மாமரம் வரை போவதற்குள் செயின் முழுக்க முடிந்துவிடும். அவளும் அதுவரை வாய் ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே வருவாள். நான் "பேசாமத் தள்ளு" என்பேன்.

ஜனவரி 11, சனி

தனியாகச் செய்து பார்த்தேன். முன்னால் போய்த் தள்ளு, சைடு ஸ்டாண்டைப் போடு, பின்னால் வந்து உட்கார், எண்ணெய் அடி, எழுந்திரு, மறுபடி முன்னால் போ. ஏழாவது தடவை எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. செயினில் பாதிதான் ஆயிற்று. எந்தப் பாதி என்பதும் மறந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் விடலாம்தான். போன தடவை விட்டபோது செயினை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கொடுத்தார். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.

அடுத்த வீட்டு செல்லத்துரையைக் கூப்பிடலாம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டிலேதான் இருக்கிறார். ஆனால் மூன்று வருஷம் முன்னால் அவருடைய காம்பவுண்டுச் சுவரை நான் அளந்து பார்த்து, அது எங்கள் மனைக்குள் பதினோரு சென்டிமீட்டர் வந்திருக்கிறது என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் தலையை மட்டும் ஆட்டுவார். அவரிடம் போய் "ஒரு கை பிடிங்க" என்று எப்படிக் கேட்பது?

மாலை ஆறரைக்கு வழக்கம்போல் வடிவு கூப்பிட்டாள். அங்கே காலை ஏழு மணி. "சாப்டியளா, மாத்திர போட்டியளா" என்று கேட்டாள். ம் என்றேன். "வரும்போது ஒங்களுக்கு என்ன வாங்கிட்டு வர?" என்றாள். உன் இஷ்டம் என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டில் வைக்கவில்லை. ஓட்டலில் வெண்பொங்கல் சாப்பிட்டேன். ஓட்டல்காரர் ஒரு துண்டு கரும்பு கொடுத்தார். வண்டியில் எப்படிப் பிடித்துக்கொண்டு வருவது என்று தெரியாமல் வழியிலேயே ஒரு மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

மூன்று நாளாக ஆராய்ச்சி. வண்டியைத் தூக்கி நிறுத்த உலகத்தில் எத்தனை விதச் சாமான் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒன்று உருளை ஸ்டாண்டு. தரையில் வைத்து அதன் மேல் பின்சக்கரத்தை ஏற்றினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தூக்கவே வேண்டாம். ஆனால் நம் வீட்டுப் போர்டிகோ வழுவழு டைல்ஸ். உருளை வண்டியோடு வழுக்கிக்கொண்டு போகும் என்று வாங்கினவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று கார் ஜாக்கி மாதிரி எஞ்சினுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவது. குனிந்து பார்த்தேன். என் வண்டிக்கு எஞ்சினுக்கு நேர் அடியில் சைலன்சர் குழாய் போகிறது. அதன் மேல் ஜாக்கியைக் கொடுத்தால் குழாய் நசுங்கும். ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற மேஜை மாதிரி லிஃப்டு வாங்கினால் போர்டிகோவில் நான் நிற்க இடம் இருக்காது.

மிச்சம் இருப்பது பேடாக் ஸ்டாண்டு. ரேஸ் வண்டிகளுக்கு வைப்பார்களே, அது. பின்சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கம்பிகளுக்கும் அடியில் கொடுத்து, நெம்புகோலை அழுத்தினால் பின்பக்கம் அப்படியே எழும்பி நிற்கும். அதிலும் இரண்டு வகை. கம்பியில் போல்டு மாட்டி அதைத் தாங்குகிற வகை என் வண்டிக்கு ஆகாது, போல்டு மாட்டத் துளை இல்லை. கம்பிக்கு அடியில் ரப்பர் கட்டையைக் கொடுக்கிற வகைதான் பொருந்தும். அகலம் அளந்தேன், இருபத்தாறு சென்டிமீட்டர். இரண்டு தடவை அளந்துவிட்டு ஆர்டர் போட்டேன்.

சுபா கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று வடிவு இருந்தால் சொல்லியிருப்பாள்.

ஜனவரி 27, திங்கள்

ஸ்டாண்டு வந்துவிட்டது. சிவப்பு நிறம், நல்ல கனம். தனித்தனியாக வந்த பாகங்களை ஒரு மணி நேரத்தில் முடுக்கிவிட்டேன். பெட்டிக்குள் ஒரு தாள். அதில் தமிழும் இருந்தது: "வண்டியைத் தூக்கும்போது இருவர் தேவை. ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஸ்டாண்டை அழுத்தவும்." பக்கத்தில் படம். ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஒரு ஆள் அழுத்துகிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

ஒருத்தன் தனியாகச் செய்வதற்குத்தானே ஐயா இதை வாங்கினேன்! ஆள் இருந்தால் இந்தச் சனியன் எனக்கு எதற்கு? பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடலாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

திருப்பி அனுப்பவில்லை. தனியாகத் தூக்கவும் வழி இருக்கிறதாம், பழக வேண்டுமாம். வடிவிடம் சொன்னேன்.

"இனிமே செயினுக்கு நீ தள்ளவே வேண்டாம். ஸ்டாண்டு வாங்கிட்டேன். எல்லாம் நானே பாத்துக்கிடுவேன்."

"அப்படியா" என்றாள். "அப்பம் அங்க எனக்கு ஒரு சோலியும் இல்லன்னு சொல்லுங்க."

சிரித்தாள் என்று நினைக்கிறேன். லைன் தெளிவாக இல்லை. அவளுக்கு ஒரு கஷ்டம் விட்டது என்று நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன். இரண்டு வருஷம் முன்னால் இப்படித் தள்ளும்போது சைலன்சர் பட்டு அவள் கெண்டைக்காலில் வெந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஆறட்டும் என்று அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் அன்றைக்கு "பாத்து நிக்கத் தெரியாதா" என்று கேட்டேன். மருந்தும் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆறரைக்குப் போன். குழந்தை குப்புற விழுந்துவிட்டதாம். பிறகு வடிவு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, சுபா மார்ச் மூணாந்தேதி வேலைக்குப் போணும். பிள்ளையக் காப்பகத்துல விட அவளுக்கு மனசில்ல. இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போம்மாங்கா. விசாவ நீட்டிக்கலாமாம். நீங்க என்ன சொல்லுதிய?"

"உன் இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டம் இருக்கட்டும். நீங்க என்ன சொல்லுதிய?"

"அதான் சொல்லிட்டேனே. உன் இஷ்டம்."

என் அப்பா எங்கள் அம்மாவை உள்ளூர்க் கல்யாணத்துக்குக்கூட நினைத்தபடி போக விட்டதில்லை. "நீ போனா எனக்கு யாரு சோறு போடுவா" என்பார். அப்படி ஒரு புருஷனாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தவன் நான். முப்பத்தி நாலு வருஷத்தில் வடிவு எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்தான். சேலை, நகை, கோயில், பிறந்த வீடு எதிலும் நான் குறுக்கே நின்றதில்லை. இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெற்றி! தனி ஆளாகத் தூக்கிவிட்டேன்.

முதலில் போர்டிகோவின் வாட்டம் பார்த்தேன். மட்டக்குழாயில் தண்ணீர் விட்டு அளந்ததில், வீட்டுப் பக்கத்திலிருந்து கேட் பக்கம் மூன்று மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம். மழைத் தண்ணீர் ஓடக் கொத்தனார் வைத்தது. ஆகவே வண்டியின் முகம் வீட்டைப் பார்த்து, மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டாண்டிலிருந்து முன்னால் உருண்டு இறங்காது. முன் பிரேக்கை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு ஒன்றும் அகப்படாமல், கண்ணாடி மேஜையில் கிடந்த வடிவின் தலைமுடி ரப்பர் பேண்டை எடுத்தேன். சரியாக இருந்தது.

சைடு ஸ்டாண்டு போட்டபடியே இடப்பக்கம் நின்றுகொண்டு, இடது கையால் சீட்டுக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்து வண்டியை நேராக்கி, வலது கையால் பேடாக் ஸ்டாண்டை அழுத்தினேன். ஐந்து தடவை ரப்பர் நழுவியது. ஆறாவது தடவை பின்சக்கரம் அரை அடி மேலே எழும்பிக் கம்பீரமாக நின்றது.

ஒரு விரலால் தட்டினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. என்னை அறியாமல் "வடிவு, இங்க வந்து பாரு!" என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்துரை இருமினார்.

செயின் சுத்தம் செய்து எண்ணெய் போட மொத்தம் பத்து நிமிஷம். வடிவு தள்ளினால் ஒரு மணி நேரம் ஆகும். வேலை முடிந்த பிறகும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்னவெல்லாம் பேசுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் வரும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இடது கணுக்காலில் லேசான வீக்கம். பெரிதாக ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று எழுதியது சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வடிவு கூப்பிடும்போது சக்கரம் சுற்றுவதை வீடியோவில் காட்டலாம் என்று ஆறு மணிக்கே வண்டியைத் தயார் செய்தேன். போர்டிகோ விளக்கு வீட்டுச் சுவரில் இருப்பதால், வீட்டுப் பக்கம் முகம் வைத்தால் பின்சக்கரத்துக்கு வெளிச்சம் போதவில்லை. போனில் பார்த்தால் கறுப்பாகத் தெரிந்தது. அதனால் வண்டியைத் திருப்பிக் கேட்டைப் பார்க்க நிறுத்தினேன். வாட்டத்தை அளந்தவன் நான், ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதி வைத்தவனும் நான். ரப்பர் பேண்டும் போடவில்லை. சைடு ஸ்டாண்டையும் மடக்கிவிட்டேன், வீடியோவில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று.

ஸ்டாண்டை முக்கால்வாசி அழுத்தியிருக்கும்போது போன் அடித்தது. ஐந்து நிமிஷம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டாள். சட்டைப் பையில் கை வைத்தேன். வண்டி முன்னால் உருண்டு, ஸ்டாண்டிலிருந்து இறங்கி, என் பக்கமாகவே சாய்ந்தது. நூற்றித் தொண்ணூறு கிலோ. நான் மல்லாக்க விழுந்தேன். இடது கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. போன் தெறித்து மாமரத்தடிக்குப் போய்விட்டது.

உருவிப் பார்த்தேன், வரவில்லை. போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ஏழு தடவை எண்ணினேன். தெருவில் ஆள் போகிற சத்தம் கேட்டது. கூப்பிடலாம்தான். ஏன் கூப்பிடவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. கிடந்தபடி போர்டிகோவின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே விடிய விடியக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. பால்காரப் பெண்ணுக்குத் தெரியும், காலையில் நான் போகவில்லை என்றால். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. பயமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இருபது நிமிஷம் இருக்கும். கேட்டைத் தட்டுகிற சத்தம், பிறகு சுவர் மேலிருந்து ஒரு கால் இறங்கியது. செல்லத்துரை. எழுபது வயதில் சுவர் ஏறிக் குதித்திருக்கிறார்.

"என்ன சர்வேயர், ஒத்தையில கெடந்து மல்லுக்கட்டுதிய? ஒரு சத்தம் கொடுத்தா என்னவாம்?"

வண்டியைத் தூக்கிக் காலை எடுத்துவிட்டார். அவர் போனிலும் வடிவுதான் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை என்றதும், டாலஸிலிருந்து செல்லத்துரைக்கு அடித்து, "கொஞ்சம் எட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றிருக்கிறாள். அவருடைய நம்பர் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

பிறகு வடிவோடு பேசினேன். ஒன்றுமில்லை, கால் இடறிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

"நான் வந்துரட்டா? இருவத்தெட்டு டிக்கெட்டு அப்படியேதான் இருக்கு. நீங்க சொல்லுங்க, சுபாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கால் வீங்கியதும் கூப்பிட்டுவிட்டான் என்று ஆகாதா? சோறு போட ஆளில்லை என்று சொன்ன என் அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கைக்குழந்தையை விட்டுவிட்டு அவளை வரச் சொல்ல நான் யார்?

"இதுக்காக நீ வர வேண்டாம். உன் இஷ்டம்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எலும்பு முறிவு இல்லை. சுளுக்கும் வீக்கமும்தான். மூன்று வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்டிருக்கிறது. செல்லத்துரை வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. சுவரைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

காலை பத்து மணிக்குச் சுபா போன். அங்கே இரவு. குழந்தையையும் அம்மாவையும் தூங்க வைத்துவிட்டு வெளியே காரில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றாள்.

"அப்பா, நான் ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது. அம்மா வரணும்னு ஒங்களுக்கு இருக்கா, இல்லையா?"

"இது என்ன கேள்வி? அவ இஷ்டம்."

"அதத்தாம்ப்பா சொல்ல வாறேன். ஞாயித்துக்கிழம நீங்க அப்படிச் சொன்னீங்கள்ல, அம்மா குளியலறைக்குள்ள போயிக் குழாயத் தொறந்து விட்டுட்டு அரை மணி நேரம் வெளியவே வரல. எனக்குத் தெரியக் கூடாதாம். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. என்னம்மான்னா, 'ஒங்கப்பாவுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வான்னு கூப்பிட்டதில்ல'ங்காங்க."

நான் அவளுக்குச் சுதந்திரம் கொடுத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

"எனக்கு அம்மா இங்க இருந்தா நல்லதுதான்ப்பா, நான் பொய் சொல்லல. ஆனா அவங்க இருக்கணும்னு இருக்கட்டும். போக எடமில்லாம இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழம மத்தியானம் அவர் ஆபீஸ்லேருந்து விசா விண்ணப்பத்த அனுப்பிருவாரு, டிக்கெட்டையும் மாத்திருவாரு. இங்க விடிஞ்சதும் பிள்ளைக்கு ஊசி போடப் போறோம், அம்மா கூப்பிட முடியாது. அதுக்கு அடுத்தாப்ல அம்மா கூப்பிடும்போது சொல்லிருங்க. வான்னு சொல்லணும்னா வான்னு சொல்லுங்க."

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது "பொண்ணு புடிச்சிருக்கா" என்று கேட்டதற்கு நான் "உங்க இஷ்டம்" என்றேன். சுபா பிறந்து மூன்று மாதம் கழித்துத் தாய்வீட்டிலிருந்து "எப்ப வரட்டும்" என்று கடிதம் போட்டாள். "உன் இஷ்டம்போல் வரவும்" என்று எழுதினேன். எழுத்து அழகாக இருந்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன். கையில் குழந்தையோடு அதைப் படித்தவள் என்ன நினைத்திருப்பாள்?

வா. ஒரே எழுத்து. மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். வா வடிவு. வடிவு, நீ வந்துரு. எனக்கு இங்கே இருக்க முடியவில்லை, வா. ஆள் இல்லாத வீட்டில் நன்றாகத்தான் வருகிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லவில்லை.

ஆறரைக்குக் கூப்பிட்டாள். குழந்தைக்கு நேற்று ஊசி போட்டு லேசாகக் காய்ச்சல். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். அது சிணுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "என்னமோ சொல்ல வந்திய போல" என்றாள். அவளுக்குத் தெரியும். காத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷமாவது இருக்கும், அவள் பேசவே இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள்.

"பிள்ளையப் பாரு. நாளைக்குப் பேசுவோம்" என்றேன்.

"சரிங்க."

கோழை.

பிப்ரவரி 22, சனி

ஆறரை வரை பொறுக்க முடியவில்லை. ஐந்தரைக்கு நானே கூப்பிட்டேன். அவள் போய் ஆறு மாதத்தில் நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பதறிப்போய்.

"என்னங்க, என்ன ஆச்சு? கால் வலிக்கா?"

"கால் நல்லாருக்கு. வடிவு, நீ வந்துரு."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம்.

"கேக்குதா? எனக்கு ஒத்தையில இருக்க முடியல. சோறு, தண்ணி, வண்டி அதுக்கெல்லாம் இல்ல. அதெல்லாம் நானே பாத்துக்கிடுவேன். நீ இங்க இருக்கணும். அதான். வா."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து மத்தியானமே மாப்பிள்ள எல்லாம் அனுப்பிட்டாருங்க. டிக்கெட்டு ஆகஸ்டு பதினாலுக்கு மாத்தியாச்சு. சுபா காப்பகத்துலயும் எடம் வேண்டாம்னு சொல்லிட்டா. மூணாந்தேதி அவ வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாப்பா? நான் பாக்கேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஓ."

"நேத்து நீங்க சொல்லுவியன்னு எவ்வளவு நேரம் நின்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்றாள். அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்து விட்டுக்கொள்ளவில்லை. நானும் எதையும் மறைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இது புதுசு. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அதத்தான்."

"வா" என்றேன்.

"ஆகஸ்டுல வாறேன்" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

செல்லத்துரையிடம் போய், "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்று கேட்டேன். வந்து வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டார். நான் முக்காலியில் உட்கார்ந்தபடி ஸ்டாண்டை அழுத்தினேன். ஒரே அழுத்தில் ஏறிவிட்டது. விழுந்ததில் பின் விளக்கு மூடி உடைந்திருக்கிறது, கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறது. மற்றபடி மோசமில்லை. அவர் தன் மகன் சண்டிகரில் இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றார். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். மகனுக்கு இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லையாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்றைக்கு வடிவு வந்திருப்பாள்.

வரமாட்டாள் என்று தெரிந்தும் காலையில் வீட்டைப் பெருக்கினேன். வண்டி ஓட்ட முடியாததால் நொண்டிக்கொண்டே பால் பூத்துக்கு நடந்தேன். என்ன ஞாபகத்திலோ ரெண்டு பாக்கெட் கேட்டுவிட்டேன். பால்காரப் பெண் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அம்மா ஊர்லேருந்து வந்துட்டாவளா?" என்றாள்.

"இல்லம்மா. நான் நேரத்துக்குக் கூப்பிடல" என்றேன்.